கொடிக்காரன் செத்த பிறகு

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஹம்மாத் பாயின் மொபைல் கடை மாடியில் கார்டு விளையாடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிக்கு மேல் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். பெண் நான் ஒருத்திதான்.

இந்தக் கார்டுகளை முதலில் கொண்டுவந்தது சாம்பிள் பார்க்க வந்த ஒரு ஜெர்மன்காரர். ஒரு பெட்டி நிறைய விட்டுவிட்டுப் போனார். விதிப்புத்தகம் இல்லை. கார்டில் இருந்த எழுத்தும் யாருக்கும் புரியவில்லை. படத்தையும் எண்களையும் பார்த்து இவர்களே விதி வைத்துக்கொண்டார்கள். அது ஆறு வருடக் கதை. நான் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

ஒவ்வொரு கார்டிலும் ஒரு ஆளோ மிருகமோ இருக்கும். அதற்கு அடி இத்தனை, உயிர் இத்தனை. வாங்கிய அடியைக் குறிக்க ஐலெட் வைப்போம். ஷூவில் கயிறு கோக்கும் துளைக்கு அடிக்கிற பித்தளை வளையம். ஓர் அடிக்கு ஒரு வளையம். இருந்தது ஒரு சின்ன டப்பா வளையம்தான், அதனால் ஒரு சண்டை முடிந்ததும் எல்லாவற்றையும் வழித்து டப்பாவில் போட்டுவிடுவார்கள். அப்படியே, சண்டை முடிந்தால் காயம் ஆறிவிடும் என்பது விதியாகிவிட்டது.

நான் பி.எஸ்சி. இயற்பியல். கம்பெனி லேபில் ஷூவின் அடிப்பாகத்தை மெஷினில் வளைத்துவிட்டு, எத்தனையாவது வளைவில் வெடிக்கிறது என்று எழுதுகிறேன். கார்டு விதிகளை இணையத்தில் தேடி எடுத்து முழுவதும் படித்தேன். காயம் சண்டையோடு ஆறுவதில்லை. ஆடுகிறவரின் முறை முடியும் வரை இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் பேச வராது எனக்கு.

பரிதியிடம் மட்டும் சொன்னேன். முழுப் பெயர் இளம்பரிதி. எங்கள் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவு. தானாக வந்து என்னிடம் பேசுகிற ஒரே ஆள். ஒரு வியாழக்கிழமை கேன்டீனில் கொடிக்காரன் என்ற கார்டைப் பற்றிக் கேட்டான். கொடிக்காரன் நிற்கும் வரை அவன் பக்கத்து மற்ற ஆட்களுக்கு உயிர் ஒன்று கூடுதல். அவன் செத்தால் அந்த ஒன்று போய்விடும், வாங்கிய அடி போகாது என்றேன். அவன் தருவது நிழல் மாதிரி, மருந்து இல்லை என்றேன். இரண்டு தரம் சொல்ல வைத்தான். புரிந்துவிட்டது என்றான்.

அந்த ஞாயிறு ஃபைனல். ஜெயிக்கும் ஒருவரை ஹம்மாத் பாய் பெங்களூரு போட்டிக்கு அனுப்புவார். எழுதிய விதிப்படி ஆடுகிற ஒரு மேஜையில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜெயித்தால் போ என்று அம்மா சொல்லியிருந்தார். ஜெயிக்காமல் போக எங்கள் வீட்டில் வழியில்லை.

எதிரில் பரிதி. அவனிடம் கொடிக்காரனும் மூன்று ஓநாய்களும். ஓநாய்க்கு அடி இரண்டு, உயிர் இரண்டு. கொடிக்காரனால் உயிர் மூன்று. என்னிடம் மூன்று காவலர்கள். ஓநாய்களை அனுப்பினான், காவலர்களை எதிரே நிறுத்தினேன். மூன்று காவலர்களும் செத்தார்கள். ஒவ்வோர் ஓநாய் மேலும் இரண்டிரண்டு வளையம். இன்னும் ஓர் உயிர் மிச்சம்.

காவலன் செத்தால் ஒரு கார்டு எடுக்கலாம். மூன்று எடுத்தேன். மூன்றாவது அம்பு. யாரையும் கொல்லலாம், எதிராளியின் முறையிலும் போடலாம். கொடிக்காரனைக் கொன்றால் அந்தக் கூடுதல் உயிர் போய் மூன்று ஓநாய்களும் அந்த இடத்திலேயே சாகும். பரிதியின் கையில் ஒரு கார்டும் இல்லை. ஆட்டம் என்னுடையது.

நான் அம்பைக் கீழே வைக்கும்போது அவன் கை வளையங்களை வழித்துக்கொண்டிருந்தது.

"எடுக்காத பரிதி. உன் முறை இன்னும் முடியல."

"சண்டை முடிஞ்சிடுச்சில்ல."

ஹம்மாத் பாயைக் கூப்பிட்டு என் போனில் விதியைக் காட்டினேன். பின்னாலிருந்து எங்கள் கம்பெனி ஹேமந்த், "பரிதி, ஜாக்கிரதைடா. ஃபெயில்னு சீல் குத்தி ரிப்போர்ட் குடுத்துடப் போறாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்காமல் கடைசி வரி வரை படித்தார்.

"நீ சொல்றது கரெக்டுதாம்மா" என்றார். "ஆனா ஆறு வருஷமா இப்டித்தான ஆடறோம். ஃபைனல்ல வந்து மாத்தினா பேஜாராய்டும். அடுத்த வாரத்துலேர்ந்து மாத்திக்கலாம்."

நான் பரிதியைப் பார்த்தேன்.

"உனக்குச் சொல்லியிருக்கேன். நீயே சொல்லு."

அவன் ஓநாய்களை ஒரே வரிசையாக அடுக்கினான். "சொன்ன, இல்லன்னு சொல்லல. ஆனா இங்க ஆடறவங்களுக்கு இங்கத்து ரூல்தான சரி."

கொடிக்காரன் செத்தான். ஓநாய்கள் சாகவில்லை. இரண்டு முறைக்குள் நான் தோற்றேன்.

பெங்களூரில் பரிதி இரண்டு ஆட்டம் ஜெயித்து மூன்றாவதில் தோற்றானாம். கேன்டீனில் அவன் இருக்கும் மேஜைக்கு நான் போவதில்லை. நான்கு வாரம் மாடிக்கும் போகவில்லை. ஐந்தாவது ஞாயிறு போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

ஹம்மாத் பாயே என்னோடு ஆட உட்கார்ந்தார். இந்தத் தடவை கொடிக்காரன் என்னிடம். கூட இரண்டு கரடிகள். ஒன்று அடிபட்டது, இன்னொன்றின் மேல் ஒரு வளையமும் இல்லை. பாய் கொடிக்காரனைக் கொன்றார்.

"ரெண்டையும் எடுத்துடும்மா" என்றார் பிரியமாக. "நீ வராதப்போ மாத்திட்டோம். கொடிக்காரன் போனா அவன் ஆளுங்களும் போய்டுவாங்க. பெங்களூர்லேர்ந்து கொண்டாந்தான். பரிதி ரூல்."

பெங்களூரில் கொடிக்காரன் செத்ததும் பரிதியின் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் செத்திருப்பார்கள். எல்லோரும் ஏற்கெனவே அடிபட்டிருந்தார்கள் என்பதைச் சொல்ல மறந்தானோ, விட்டுவிட்டானோ.

"அடி படாததுமா பாய்?"

"எல்லாந்தான்."

பக்கத்து மேஜையிலிருந்து பரிதி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று காத்திருந்தான். போன் என் பையில்தான் இருந்தது.

அடிபட்ட கரடியை எடுத்தேன். ஒன்றும் ஆகாத கரடியையும் எடுத்து அதன் மேல் வைத்தேன்.

"உங்க முறை பாய்" என்றேன்.