கூட்டு வேலைக்கு மதிப்பெண்

பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வுக் குழுவில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் கணினி அவர்களுக்குக் கைகொடுக்கிறதா, காலை வாருகிறதா என்பதுதான் குழுவின் ஆராய்ச்சி. மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒரு மென்பொருள் செய்திருந்தார்கள். யார் எத்தனை செய்தி அனுப்புகிறார், எவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறார் என்று பார்த்து, ஒத்துழைப்புக்கு அது மதிப்பெண் போடும்.

பேராசிரியர் அதைக் குழுவின் மேலேயே சோதித்துப் பார்த்தார். வாயாடிக்கு முதலிடம். கடைசி இடம் கோட்டானுக்கு. உருண்டைக் கண்ணால் திரையையே பார்த்துக்கொண்டு, கேட்டாலொழிய வாய் திறக்காத நிரலாளர் அவர்.

"அடுத்த வருஷத்துக்கு ஒரு வேலைதான் இருக்கு. அது உனக்குத்தான்," என்றார் பேராசிரியர், அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு. "வெள்ளிக்கிழமை மென்பொருளை வாங்கறதுக்குக் கம்பெனிக்காரங்க வர்றாங்க, நீதான் பேசணும். கோட்டானை வேலையை விட்டு அனுப்பிடலாம்னு இருக்கேன். நம்ம மார்க்கை நாமளே நம்பலைன்னா வேற யார் நம்புவா?"

"அவர் இல்லேன்னா இந்த மென்பொருளே ஓடாது சார்."

"அது உன் அபிப்பிராயம். இது தரவு."

அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வேலையில் சிக்கல் வரும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துக்கொண்டு கோட்டானிடம்தான் போவாள். அவர் தன் வேலையைப் போட்டுவிட்டு அவளுடையதைச் சரிசெய்து தருவார். இவள் திரும்பி வந்து, 'சரியாயிடுச்சு' என்று குழுவுக்குச் செய்தி போடுவாள். அந்த ஒரு வரிக்கு இவளுக்கு மதிப்பெண். அவர் உழைப்புக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாம பண்ணிக்காதே. அந்த மனுஷன் உன்கிட்ட வந்து அழுதாரா?"

"பொய்யை மாலையாக் கட்டி என் கழுத்துல போடறாங்க. கழுத்து என்னோடதுதானே?"

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள். வாயாடி எழுந்து நின்றாள்.

"இந்தக் குழுவிலேயே முதல் மார்க் நான்தான். எதுக்கு வாங்கினேன்னு கேளுங்க." தன் செய்திகளை வரிசையாகப் படித்தாள். "சரி. பார்க்கிறேன். ஆமாம். நல்லது. கட்டைவிரல் படம். மறுபடி கட்டைவிரல் படம்."

கம்பெனிக்காரர்களில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போதும், உட்காரு," என்றார் பேராசிரியர்.

"உட்கார்றேன் சார். இந்த மென்பொருளைத் தூக்கி நிறுத்தினவர் கடைசி வரிசையில இருக்கார். அவருக்குத்தான் கடைசி இடம். தன் வேலையைப் போட்டுட்டு உதவி பண்றது இதோட கண்ணுக்குத் தெரியாது. இதை வெச்சு ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பறதா இருந்தா, நம்ம ஆராய்ச்சிக் கட்டுரையில இருந்து என் பேரை எடுத்துடுங்க."

கூட்டம் பாதியில் கலைந்தது. தாழ்வாரத்தில் கோட்டான் அவளை வழிமறித்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"என்னைக் கேட்காம என்னைப் பத்தி எதுக்குப் பேசினே?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேட்கலை."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கம்பெனிக்காரர்கள் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பியவர்கள் கிளம்பியவர்கள்தான். கோட்டானை அனுப்பும் பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. வாயாடிக்குச் சொன்ன வேலையும் இல்லையென்றானது. இந்த வருஷத்தில் மீதியிருக்கும் மாதங்களுக்கு அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தது. நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். தலை மட்டும் குனியவில்லை.

அங்கே உட்கார்ந்து, மதிப்பெண்ணில் விழாத வேலைகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை ஆரம்பித்தாள். அச்செடுக்க வந்த பேராசிரியர் தலைப்பைப் படித்துவிட்டு நின்றார்.

"இதுக்கு யார் வழிகாட்டி?"

"கையெழுத்துப் போட்டா நீங்கதான் சார். போடலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவர் அச்சாகி வந்த தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் கதவைத் தாண்டும்வரைகூடக் காத்திருக்காமல் அவள் அடுத்த வரியைத் தட்ட ஆரம்பித்தாள்.