மதகின் இரண்டு சக்கரங்கள்

மதகுப் பலகையை ஏற்றும் இடது சக்கரம் இரண்டு சுற்று சுற்றியதும் நின்றுவிட்டது. மகள் வலது பக்கம் போய்ப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

தையல் மிஷின் ரிப்பேர் அவள் தொழில். இறுகிய இரும்பைத் தளர்த்தத் தெரியும். எண்ணெய் விட்டாயிற்று. எதிர்வீட்டு பிளம்பரும் அவளும் ஒரே சக்கரத்தில் தொங்கியும் பார்த்தாயிற்று.

"உங்கப்பா கைக்குத்தான் மசியும்போல அக்கா. எழுப்பியா கேக்க முடியும்?" என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

விடிந்ததிலிருந்து மழை. வாய்க்கால் தண்ணீர் மதகில் முட்டித் தெருவுக்குள் திரும்பியிருந்தது. வீட்டுக்குள் நுழைய இன்னும் ஒரு படிதான் பாக்கி. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பத்து மணிக்கு வண்டி வர வேண்டும்.

வாய்க்காலும் மதகும் அப்பா நின்று கட்டியவை. ஆலைகள் மூடி, ஊரில் பாதிப்பேர் வேலையில்லாமல் நின்ற வருஷங்கள் அவை. அரசாங்கமே வேலை கொடுத்தது. கூலி கைக்கு வந்தால் ஜனங்கள் கடைக்குப் போவார்கள். கடையில் சரக்கு தீர்ந்தால் ஆலை ஓடியாக வேண்டும். மேற்பார்வையாளரான அப்பா இதை முழுசாக நம்பினார். ஒரு இயந்திரம் தோண்டியிருக்கக்கூடிய வாய்க்காலை இருநூறு பேரை வைத்துத் தோண்டினார். மூன்றாம் வருஷம் ஆலைச் சங்கு மறுபடி ஊதியது.

"எங்கப்பாவும் இங்கதான் மண்ணு சுமந்தாரு" என்றான் பிளம்பர். "அந்தக் கூலியிலதான் எங்கம்மாவக் கட்டினாராம்."

அம்மா நனைந்தபடி வந்து நின்றாள்.

"ஒத்தைச் சக்கரத்தையா சுத்துறீங்க?"

"அப்பா தனியாத்தானேம்மா திறப்பாரு?"

"தனியா வந்து என்னிக்குப் பாத்த? நாப்பது வருஷமா, 'சும்மா துணைக்கு வா'ன்னு என்னையும் இழுத்துட்டுதான் வருவாரு."

மகள் குனிந்து பார்த்தாள். பலகை இரண்டு திருகுகளில் தொங்கியது. ஒன்றை மட்டும் ஏற்றியதால் சாய்ந்து, சுவரில் அது ஏறி இறங்கும் காடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பலத்தைக் கூட்டக் கூட்ட இறுகும். இரண்டையும் இணைக்க ஒரு பல்சக்கரம் போதும். அது இல்லை.

"இதை ஏன் வைக்கல?"

"இன்ஜினியரும் அதான் கேட்டாரு. 'வச்சா ஒரு ஆளு போதும் சார். வைக்கலன்னா ரெண்டு வீட்ல அடுப்பெரியும்'னுட்டாரு உங்கப்பா. அவரு சுத்தத் தெரியாம சுத்தி, முதல் நாளே பலகை சிக்கிச்சு. ரெண்டாவது ஆளா வேலைக்கு வந்தவ நான்தான். நான் சொல்லிக் குடுத்தேன்."

அம்மா வலது சக்கரத்தைப் பிடித்தாள். கை வைக்கிற இடம் அங்கே தேய்ந்து பளபளத்தது.

"முதல்ல நீ ஏத்துன ரெண்டு சுத்தை இறக்கு. அப்புறம் நான் எண்ணுறேன்."

மகள் இறக்கினாள். பலகை மட்டமானது.

"ஒண்ணு" என்றாள் அம்மா. "ரெண்டு."

அடியில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று, இருவரும் சேர்ந்து சுற்ற வேண்டும். பலகை நேராக ஏறிவிடும்.