சட்டைப் பொத்தான் அளவு

நாயின் பெயர் குண்டூசி. உடம்பு ஒல்லி, தலை மட்டும் பெரிது. யாரைக் கண்டாலும் பாய்ந்து நெஞ்சில் முன்னங்கால்களை வைக்கும். அன்புதான். ஆனால் அந்த அன்பு இருபது கிலோ இருந்தது.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டு உரிமையாளர், மாடியில் குடியிருக்கும் தையல்காரியைப் படியில் நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை என் சம்சாரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரா. இடுப்புல ஆபரேஷன். கைத்தடியோடதான் நடக்கணும். உங்க நாய் ஒரு தடவை அவ மேல தாவினாலும் அன்னைக்கே அது வெளியே போகணும்மா."

"தாவாதுங்க" என்றாள்.

சொல்லிவிட்டாள். குண்டூசிக்கு அது தெரியாது.

உட்காரப் பழக்குவதற்காக வாங்கிய கடை பிஸ்கட்டை அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் கோழி ஈரல் வாங்கி வந்தாள். வேகவைத்து அரைத்து, ஓட்ஸ் மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்தாள். உப்பில்லை, வெங்காயமில்லை. கோட்டுப் பொத்தான் அளவுக்குத் தட்டி, ஓவனில் மொறுமொறுவென்று சுட்டு எடுத்தாள்.

வேன் ஓட்டிவிட்டு வந்த கணவன் டப்பாவைத் திறந்து, டீயோடு ஒன்றைக் கடித்தான்.

"உப்பே இல்லையே?"

"அது குண்டூசிக்கு."

மெல்லுவதை நிறுத்தினான். யோசித்தான். விழுங்கினான். "இப்ப நான் உக்காரணுமா?"

"வேணாம். வெளியே போய்க் கதவைத் தட்டுங்க. குடையைக் கைத்தடியா ஊணிக்கிட்டு வாங்க."

"இப்பத்தானே வந்தேன்!"

"மறுபடி வாங்க."

வந்தான். "உக்காரு" என்று அவள் பிஸ்கட்டைக் காட்டினாள். குண்டூசி உட்கார்ந்தது. வாங்கிக்கொண்டு தையல் இயந்திரத்தின் அடியில் போய்ச் சாவகாசமாகக் கடித்துத் தின்றது. திரும்பி வந்தபோது எதற்கு உட்கார்ந்தோம் என்பது மறந்திருந்தது. கணவனின் நெஞ்சில் பாய்ந்தது. சில பிஸ்கட்டுகளுக்குப் பிறகு வயிறு நிரம்பிப் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டது.

"நாய் வாலை நிமிர்த்த முடியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றான்.

"வால் கோணலாவே இருக்கட்டும். முன்னங்கால் தரையில இருந்தாப் போதும்."

இயந்திரத்தின் அடியில் கிடந்த தூளைக் கூட்டும்போது அவளுக்குப் பிடிபட்டது. எந்தத் துணியையும் அவள் தாராளமாக விட்டுத்தான் வெட்டுவாள். கூடினால் பிடித்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்டுப்போட வேண்டும். பிஸ்கட்டையும் அந்தக் கையே அளந்திருந்தது. நாயின் வயிற்றைப் பிடித்துத் தைக்க முடியாது.

மறுநாள் ஈரலைக் கூட்டி மாவைக் குறைத்தாள். தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்தாள். கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு நறுக்கினாள். கை பெரிதாகவே போகப் பார்த்தது. அடக்கினாள்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா?" என்றான் கணவன்.

"பசி தீரக்கூடாது. வெளியே போங்க."

குண்டூசி மெல்லவே இல்லை. விழுங்கிவிட்டு அவள் கையைப் பார்த்தது. உட்கார்ந்தால் அடுத்தது வந்தது. எழுந்தால் கை மூடிக்கொண்டது. ஒட்டுத்துணியில் ஒரு சுருக்குப்பை தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். துணி கொடுக்க வந்தவர்களையெல்லாம் இரண்டாம் முறை கதவைத் தட்டச் சொன்னாள்.

"என் வீட்டுக்குள்ள வர எனக்கே இத்தனை தடவையா?" என்று கணவன் வாசலிலிருந்து கத்தினான்.

"இன்னும் ஒரு தடவை."

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. "மேலயே கட்டிப்போட்டுடேன்" என்றான் கணவன்.

"எத்தனை நாளைக்கு?"

குண்டூசியை வாரில் பிடித்து மாடிப்படியின் அடியில் நிறுத்தினாள். கீழ்வீட்டம்மா ஒவ்வொரு அடியாக வந்தார். நாயின் உடம்பு முழுவதும் நடுங்கியது.

"உக்காரு."

உட்கார்ந்தது. ஒன்று கொடுத்தாள்.

கைத்தடி வழுக்கித் தரையில் விழுந்து சடசடத்தது. உரிமையாளர் மனைவியைத் தாங்கிக்கொண்டார். குண்டூசியின் முன்னங்கால்கள் எழும்பின. தையல்காரி வாரை இழுக்கவில்லை, அதட்டவும் இல்லை. கையை மட்டும் மூடினாள். நாய் மூடிய கையைப் பார்த்தது. கால்கள் தரைக்குத் திரும்பின. கை திறந்தது.

அந்த அம்மா மூச்சை விட்டார். "எங்கே, நானும் ஒண்ணு குடுக்கறேன்." உள்ளங்கையில் விழுந்ததைப் பார்த்தார். "ஐயே, இவ்ளோ கஞ்சமா?"

உட்கார்ந்தபடியே குண்டூசி அவர் விரலை நக்கியது.

"இன்னைக்குச் சரி" என்றார் உரிமையாளர். "நாளைக்கு?"

"நாளைக்கும் இங்கதான் நிப்போம்."

மேலே போய் ஈரல் வேகத் தண்ணீர் வைத்தாள். கணவன் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.