இரண்டு பொட்டலம் லேகியம்

பிராது கட்டி எண்பத்தேழு நாள் ஆகியிருந்தது. ரிப்போர்ட் வந்து அறுபத்தொரு நாள். முதல் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வெண்பாவுக்கு மட்டும்.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது போலீஸில் புகார் கொடுப்பது மாதிரிதான். யார் பேரில் என்ன குறை என்று தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வரவேண்டும். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. ‘பாஞ்சாலை கொடுத்த நெல்லிக்காய் லேகியத்தால் என் மருமகள் சௌந்தர்யாவின் ஐந்து மாதக் கரு கலைந்துபோனது’ என்று அம்மா கமலம் சொல்லச் சொல்ல, எழுதிக் கொடுத்தவள் வெண்பா. வீட்டில் டிகிரி முடித்தவள் அவள் ஒருத்திதான். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். எழுதும்போது அவளும் அதை நம்பவே விரும்பினாள்.

பாஞ்சாலை கம்மாபுரம் பக்கத்துக்காரி. நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு லேகியம் கிண்டித் தெருத் தெருவாக விற்று வந்தாள். சௌந்தர்யா, வெண்பாவின் அண்ணி, முழுகாமல் இருந்தபோது உடம்பில் ரத்தம் குறைவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை குமட்டிக்கொண்டு வந்தது. மாத்திரை சூடு, இது இயற்கை, காலையும் மாலையும் ஒரு கரண்டி போதும், ரத்தம் தானாக ஊறும் என்று பாஞ்சாலை சொன்னாள். மாத்திரை அலமாரிக்குப் போனது. லேகியம் தினப்படியானது.

கரு கலைந்த பிறகும் சௌந்தர்யாவுக்கு வயிற்றுவலி நிற்கவில்லை. புதுச்சேரியில் காட்டினார்கள். ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்று சொன்ன டாக்டர், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டதுண்டா என்று விசாரித்தார். அந்தக் கேள்வியிலேயே வீட்டார் பதிலைக் கண்டுகொண்டார்கள். மருந்தைச் சோதித்துப் பார்த்தால் நல்லது என்று அவர் சொன்னதும் எல்லோரும் வெண்பாவைப் பார்த்தார்கள்.

அவள் வேலை பார்ப்பது பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில். பாத்திரங்களுக்குப் போடும் பளபளப்புப் பூச்சுக்கான பொடிகளை நிறுத்துக் கலப்பது அவள் பொறுப்பு. புது மூட்டை வந்தால் ஒரு பிடி எடுத்துச் சென்னையில் இருக்கும் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவாள். இதையும் அனுப்பலாம் என்றாள்.

ஒரு பொட்டலம் போதும் என்றுதான் கமலம் நினைத்தாள். வெண்பா இரண்டு கட்டினாள். ஒன்று, வீட்டு ஜாடியில் மிச்சமிருந்தது. இன்னொன்று, அதே நாளில் அதே சட்டியிலிருந்து வாங்கி எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்த பக்கத்து வீட்டு மாரியம்மாளிடம் கேட்டு வாங்கியது.

மாரியம்மாளுக்கு அப்போதே வருத்தம்.

“நானும் அதத்தான் திங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே, கமலம்?”

“உனக்கென்ன, வயித்துல புள்ளையா இருக்குது?” என்றாள் கமலம்.

பிராது கட்டிய இருபத்தாறாம் நாள் ரிப்போர்ட் வெண்பாவின் போனுக்கு வந்தது. மாரியம்மாளின் டப்பாவில் இருந்ததில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். வீட்டு ஜாடியில் இருந்ததில், இருக்கலாம் என்ற அளவைப்போலப் பல நூறு மடங்கு.

பீங்கான் ஊரில் யாரும் காசு கொடுத்து ஜாடி வாங்குவதில்லை. சூளையிலிருந்து இறக்கும்போது புள்ளி விழுந்ததும் வாய் கோணியதும் செகண்ட்ஸ் என்று ஒதுக்கப்படும். பொங்கலுக்கு வேலையாட்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வெண்பாவின் பங்குக்கு வந்தது ஒரு மஞ்சள் ஜாடி. ஏதோ ஓட்டல்காரர் அலங்காரத்துக்குக் கேட்ட வகை. அந்த மஞ்சளின் மினுமினுப்பு ஈயப் பூச்சால் வந்தது. நெல்லிக்காயின் புளிப்பும் எலுமிச்சைச் சாறும் நாலு மாதமாக அதைக் கரைத்து இழுத்திருந்தன.

லேகியம் ரத்தத்தைக் கூட்டியதா என்பதற்கும் எந்தச் சான்றும் இல்லை. அதை யாரும் சோதித்ததில்லை. நல்லது என்றபோதும் அப்படியே நம்பினார்கள், விஷம் என்றபோதும் அப்படியே நம்பினார்கள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் ஜாடி வெண்பாவின் கையிலிருந்து நழுவி உடைந்தது. பீடை ஒழிந்தது என்றாள் கமலம். ரிப்போர்ட் என்ன ஆனது என்று அண்ணன் பாரி கேட்டபோது, இன்னும் வரவில்லை என்றாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் சௌந்தர்யா இப்போது வாய் திறந்து பேசுவது வெண்பாவிடம் மட்டும்தான். வெண்பாவுக்கும் அண்ணியை விட்டால் பேச வேறு ஆள் கிடையாது. அந்த ஒட்டுதலைக் கையிலெடுத்து உடைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பாஞ்சாலையின் வியாபாரம் படுத்துவிட்டது. சந்தையில் நின்று, எல்லோரும் பார்க்கத் தன் லேகியத்தைக் கரண்டி கரண்டியாகத் தின்று காட்டினாளாம். ஒருத்தரும் வாங்கவில்லை. கல்லைத் தின்றாலும் அவளுக்குச் செரிக்கும் என்றாள் கமலம்.

எண்பத்தேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாரி வெளியே போயிருந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாஞ்சாலை வாசலில் வந்து நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். கமலம் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

“இன்னும் மூணு நாளு இருக்குது. அதுக்குள்ள என்ன அவசரம்?”

பாஞ்சாலை நின்றபடியே சொன்னாள். நல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் தென்றலுக்கு இது நாலாம் மாதம். நேற்றுக் காலையிலிருந்து உதிரம் படுகிறது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். கமலம் சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“கேட்டுட்டாரு அப்பன்.”

“நான் ஒத்துக்கறேங்க” என்றாள் பாஞ்சாலை. “என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல. சட்டியில எதுனா விழுந்துதோ, எலுமிச்சம்பழத்துல மருந்து அடிச்சிருந்தாங்களோ. ஆனா நாந்தான். சம்பந்தி வூட்லயும் சொல்லிட்டேன். விஷம் காய்ச்சறவ பொண்ணு எங்க வூட்டுக்கு வேணாங்கறாங்க. பிராத எடுத்துடுங்க. எம்பொண்ணு என்னங்க பண்ணா?”

சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்து சௌந்தர்யாவின் காலைத் தேடினாள். சௌந்தர்யா கதவோரம்தான் நின்றிருந்தாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கே கோயிலுக்குப் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றாள். அதோடு, தன் பிள்ளையைக் கொன்றதைப் பாஞ்சாலை வாயாலேயே ஒத்துக்கொண்டது தனக்குப் போதும் என்றும் சொன்னாள். பாஞ்சாலை தலையை ஆட்டினாள். ஆமாம், ஆமாம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வெண்பா அறைக்குள் நின்று அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள். பிராது நாளைக்குப் போய்விடும். எல்லாம் முடிந்துவிடும். பாஞ்சாலை மட்டும் சாகும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

“அவங்க லேகியத்துல ஒண்ணும் இல்ல, அண்ணி.”

யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னாள். போனைத் திறந்து ரிப்போர்ட்டைக் காட்டினாள். எது மாரியம்மாளுடையது, எது ஜாடியிலிருந்தது என்று விரல் வைத்துச் சொன்னாள். தானே வேண்டுமென்றே அந்த ஜாடியைப் போட்டு உடைத்ததையும் சொன்னாள். கமலத்துக்கு எதுவும் பிடிபடவில்லை. நல்ல ஜாடிதானே, புதுசுதானே என்று முணுமுணுத்தாள். பாஞ்சாலை தலையாட்டுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள்.

சௌந்தர்யா போனை வாங்கவில்லை.

“உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

ரிப்போர்ட் வந்த தேதியைச் சொல்லிவிடலாம். அதுவே பெரிய குற்றம்தான். அதோடு விட்டுவிடுவார்கள்.

“அந்த ஈயப் பூச்ச கலக்குனதே நாந்தான், அண்ணி” என்றாள் வெண்பா. “அம்மா மொதமொதல்ல அதுல லேகியத்த கொட்டறப்ப பக்கத்துலதான் நின்னேன். அப்பவே தெரியும்.”