சேணத்தில் மாட்டிய கருவி

அண்ணிக்கு ஜிபிஎஸ் கருவி வாங்க நானும் கடைக்குப் போனேன். வீட்டில் அறிவியல் படித்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் காணாமல் போனபோதும் அதனால்தான் அவனுடைய கருவியை என் கையில் கொடுத்தார்கள்.

அண்ணன் சுற்றுலா வருகிறவர்களைக் காட்டுப் பாதைகளில் குதிரைச் சவாரி கூட்டிப்போகிறவன். பத்து மாதங்களுக்கு முன்பு ஒருநாள் பாதை பார்க்கத் தனியாகப் போனான். மறுநாள் காலை துரை மட்டும் லாயத்துக்கு வந்தது. துரை எங்கள் குதிரை. தன் இஷ்டத்துக்கு நடப்பதால் அண்ணன் வைத்த பெயர். கருவி சேணத்தில் மாட்டியபடியே இருந்தது. அதில் பதிவான தடம் ஓர் இடத்தில் ஏழு மணி நேரம் நின்றிருந்தது. அண்ணன் அங்கேதான் இறங்கியிருப்பான் என்று சொன்னேன். தேடப் போனவர்கள் ஆறு நாள் அந்த இடத்தையே சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் வேகத்தைப் பார்த்தேன். புறப்பட்டதிலிருந்து மணிக்கு ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர். எட்டாவது கிலோமீட்டரில் நாலு நிமிடம் பூஜ்யம். உடனே இருபத்தெட்டு. அந்தச் சரிவில் அண்ணன் குதிரையை விரட்ட மாட்டான். முதுகில் ஆள் இல்லாத குதிரை ஓடிய வேகம் அது. ஏழு மணி நேரம் நின்றது துரை, மேய்வதற்காக. குதிரை போன வழியை அண்ணன் போன வழி என்று நான் காட்டியிருந்தேன்.

அண்ணியிடம் சொல்லவில்லை. அந்த ஆறு நாளும் அவன் உயிரோடு இருந்திருந்தால்? இந்தக் கேள்வியைத் தாண்டி என் வாய் திறக்கவில்லை.

கடைக்காரர் நாலு கருவிகளை மேசையில் பரப்பினார். கையுறை போட்டால் தொடுதிரை சொன்ன பேச்சு கேட்காது, பட்டன் வைத்ததுதான் நல்லது என்றார். மரங்கள் அடர்ந்த இடத்திலும் சிக்னல் பிடிக்குமா, பேட்டரியைக் காட்டிலேயே மாற்ற முடியுமா என்று அண்ணி கேட்டாள். அவர் சிரித்தார்.

"குதிரைக்குத்தான் வழி தெரியுமே. இது எதுக்கு?"

"அதுக்கு வீட்டுக்கு வர்ற வழிதான் தெரியும்," என்றாள் அண்ணி.

பட்டன் வைத்த மஞ்சள் கருவியை எடுத்துக்கொண்டாள். பழைய தடங்களையும் இதில் ஏற்றித் தரச் சொல்லி, பையிலிருந்து அண்ணனின் கருவியை எடுத்துக் கொடுத்தாள். அதை அவள் கொண்டுவந்திருப்பது எனக்குத் தெரியாது. புதிய திரையில் அண்ணனின் கடைசித் தடம் சிவப்புக் கோடாக வந்தது. கடைக்காரர் சேணத்தில் மாட்டும் கொக்கியைத் தேடி உள்ளே போனார்.

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன மாசத்துலேர்ந்து நான்தான் துரையை ஓட்டிட்டுப் போறேன். ஒரு இடத்துல நின்னுடுது. தட்டினாலும் நகர மாட்டேங்குது. யாரோ ஏறட்டும்னு காத்திருக்கிற மாதிரி. வாட்சைப் பாத்தேன், நாலு நிமிஷம். அப்புறம் தானா நடக்குது."

எந்த இடம் என்று கேட்டேன். பெரிய பாறையைத் தாண்டி, சரிவு தொடங்குகிற இடம் என்றாள். பட்டனை அழுத்திக் கோட்டின் மேல் புள்ளியை நகர்த்தினேன். எட்டாவது கிலோமீட்டர்.

"இங்கயா அண்ணி?"

திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஏழு மாசமா."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நாளைக்குக் காலையில நீயும் வர்ற."

"எனக்குக் குதிரை ஏறத் தெரியாது அண்ணி."

"துரை மேல உக்காரு. நான் பிடிச்சுட்டு நடக்கறேன். அது நிக்கிற இடத்துல இறங்கிக்கலாம்."

கடைக்காரர் கொக்கியோடு வந்தார். அண்ணி அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டுக் கயிறு கேட்டாள். கருவியில் கயிற்றைக் கோத்து என் கழுத்தில் மாட்டினாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.