மேசைமேல் வேர்

வீட்டில் அவளுக்குப் புல்லுக்கட்டு என்று பெயர். ஆராய்ச்சி மாணவி என்றால் யாருக்கும் விளங்கவில்லை. புல்லைப் பற்றிப் படிக்கிறாள் என்றால் உடனே விளங்கி, உடனே சிரிப்பும் வந்துவிட்டது. அதிகம் சிரித்தது அக்காதான். ஆனால் தையல் கடையைச் சாத்திவிட்டு வந்து, மேட்டுப் புல்வெளியில் அவளோடு குழிக்குள் இறங்கி மண் அள்ளியதும் அதே அக்காதான்.

எல்லாம் உதவித்தொகைக்காக. இந்த வருடம் ஒருவருக்குத்தான் என்று அறக்கட்டளை கையை விரித்துவிட்டது. அவளுக்குக் கிடைக்காவிட்டால் மரம் நடும் குழுவுக்குப் போகும். அவர்கள் நடப்போவதும் அதே புல்வெளியில்தான். வெயிலிலேயே வளர்ந்த புல்லுக்கு நிழல் விழுந்தால் ஆயுசு முடிந்தது. இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? மரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுகிற உலகம் இது.

அதனால் நேர்காணலில் காட்டுவதற்கு, இருப்பதிலேயே மூத்த புல்தூராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்தில் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைக்கக் கரைக்க, வேர் இறங்கிக்கொண்டே போனது.

"இதைத்தானேடி காப்பாத்தணும்னே?" என்றாள் அக்கா.

"ஒண்ணே ஒண்ணுதான்கா."

குழிக்குள் ஈரமும் அரையிருட்டுமாக இருந்தது. தலைக்கு மேலே புல் அசைந்தது. எதற்காக இறங்கினோம் என்பதே கொஞ்ச நேரம் அவளுக்கு மறந்துபோயிற்று.

நேர்காணல் அறையில் மூன்று பேர். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தலைவர், அங்கே வெறும் புல்தானேம்மா இருக்கிறது என்று அன்பாகவே கேட்டார். அவள் ஈரச் சாக்கைப் பிரித்து மேசைமேல் நீட்டினாள். பச்சை ஒரு முழம்கூட இல்லை. வேரோ தண்ணீர்க் குவளைகளைத் தாண்டி, மூவரையும் தாண்டி, மறுமுனையில் தரையைத் தொட்டது.

திரைச்சீலை வழியே வெளிச்சம் மங்கலாக வந்தது. அந்த அறையே மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிட்டதுபோல அவளுக்குத் தோன்றியது. எல்லோரும் அடியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ உயரத்தில் புல்மேல் காற்று போனது. தலைவர்கூட ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"பணம் உங்களுக்குத்தான்மா," என்றார். வேரைத் தடவியபடியே, "இதை வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம். வாடிடும், இல்ல? வருஷத்துக்கு ஒண்ணு இதே மாதிரி கொண்டு வந்துடுங்க."

ஆசையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"முடியாது சார்."

"ஏம்மா? அங்க நிறைய இருக்குமே."

"இது எங்க அம்மாவைவிட மூத்தது சார். உங்களை நம்ப வைக்க வேற வழி தெரியாம நான்தான் கொன்னுட்டேன். இன்னொண்ணு என்னால முடியாது."

தலைவர் வேரிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பேனாவைத் தேடிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அக்கா அவள் அழுத முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்து அணைத்துக்கொண்டாள்.

"போனா போகுதுடி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"கிடைச்சிடுச்சுக்கா," என்றாள். சொல்லிவிட்டு இன்னும் அழுதாள்.