அடவியில் மூன்று விநாடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வரிப் பொய்: 'அடவியில் மனிதர்கள் இல்லை.' எழுதியவள் நான்.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில், கப்பலில் ஏறும் சரக்குக்கு ஆவணம் தயாரிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் 'விண்துறை' என்ற யூடியூப் தொடருக்குக் கதை எழுதுகிறேன். இயக்குநர் விஜயராஜ், என் பழைய அலுவலக நண்பன். தொடரின் இரண்டாம் பருவத்தில் வரும் கிரகம்தான் அடவி. கடல் இல்லை, ஊர் இல்லை, முழுக்கக் காடு. அங்கே ஏன் மனிதர்கள் இல்லை என்று ஒரு பார்வையாளர் கேட்டபோது, உயிர்வளி, நச்சுப்பூ என்று நீளமாகப் பதில் எழுதினேன். உண்மையான காரணம், எங்களிடம் ஒரே ஒரு நடிகர்தான் இருக்கிறார்.

(அவர் கிருபாகரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். விண்வெளி உடை, கார் கண்ணாடிக்கு மாட்டும் வெள்ளித்தாளில் தைத்தது. வியர்த்தால் ஒட்டிக்கொள்ளும்.)

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

'அந்தக் காலை வானத்தில் புகை ஒரு கேள்விக்குறியைப் போல' வேண்டாம். புகை புகை மாதிரிதான் இருந்தது.

'சுடலைமாடத்தி ஒரு எளிய பெண்' இதுவும் வேண்டாம். அவளை எனக்கு மொத்தமாக ஐந்து மணி நேரம்தான் தெரியும். எளியவளா என்று நான் எப்படிச் சொல்வது?

'விளாத்திகுளத்தைத் தாண்டிய சீமைக்கருவேலங்காட்டுக்கு, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வண்டிகளில் போனோம்.' இது பரவாயில்லை. நடந்தது இதுதான். இப்படியே போகிறேன்.

மழைக்குப் பிறகு அந்தக் காடு மேலிருந்து பார்த்தால் பச்சைக் கடல். கீழே முள். டிரோனுக்கு முள் தெரியாது. விஜயராஜ் முதல் தடவை பறக்கவிட்டுப் பார்த்ததும் கத்தினான்: "அக்கா, அடவி கெடச்சிட்டு!"

பச்சைக்கு நடுவே, ஓர் ஓரத்தில், வெள்ளையாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.

3

புகை வந்த இடத்தில் ஒரு கரிமூட்டம் இருந்தது. வெட்டிய கருவேலங்கட்டைகளை வட்டமாக அடுக்கி, சருகு போர்த்தி, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்திருந்தார்கள். அடியைச் சுற்றிலும் புகை போகத் துளைகள். தீ கொழுந்துவிடாமல் உள்ளேயே வெந்து கட்டை கரியாக வேண்டும். பக்கத்தில் தார்ப்பாய் போட்ட ஒரு குடிசை, ஒரு பிளாஸ்டிக் டிரம், கொடியில் ஒரு சேலை.

மூட்டத்தருகே நின்ற சுடலைமாடத்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் மண்வெட்டி. கிருபாகரனின் வெள்ளி உடையை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன படம்?"

"ஆளில்லாத ஒரு கிரகத்தைப் பத்தி. முழுக்கக் காடு" என்றேன்.

"ஆளே இல்லாத காட்டுல இவரு யாருக்குப் பயந்து ஓடுதாரு?"

மூன்று வருடத்தில் எங்கள் தொடரைப் பற்றி யாரும் கேட்காத நல்ல கேள்வி அது. விஜயராஜ் சிரித்துச் சமாளித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். "ஒரு மணி நேரம் இந்தப் புகைய நிறுத்த முடியுமா?"

"முடியாது அண்ணாச்சி. இன்னைக்கு ஏழாம் நாள். வெள்ளையா வருது பாத்தியளா? நீலமா வந்தாத்தான் வெந்துட்டுன்னு அர்த்தம். இப்பப் போயி மூடுனா உள்ள புகை முட்டி வெடிச்சிரும்."

அவள் கணவன் காட்டின் மறுபக்கம் மரம் வெட்டப் போயிருந்தான். தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அவளும் இரண்டு குடங்களோடு ஓடைப்பக்கம் போனாள். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "செத்த நேரம் பாத்துக்கிடுங்க யக்கா."

4

பிறகு யாரோ துளைகளை மூடினார்கள்.

[அடித்துவிட்டேன். 'யாரோ' இல்லை.]

பிறகு விஜயராஜ் துளைகளை மூடச் சொன்னான்.

[இதையும் அடிக்கிறேன். அவன் வாயே திறக்கவில்லை. வெயில் ஏறுகிறது, பேட்டரி இறங்குகிறது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவ்வளவுதான்.]

பிறகு நான் துளைகளை மூடினேன். ஈரமண்ணைக் கையால் அள்ளி, ஒவ்வொன்றாக, சுற்றிவந்து. பத்து நிமிடத்தில் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். கிரகத்தில் புகை தெரிந்தால் ஆள் இருப்பதாக ஆகிவிடும், கதை கெட்டுப்போகும் என்று நினைத்தேன். என் ஒரு வரியைக் காப்பாற்ற நினைத்தேன். இந்த மூன்றில் எது முதலில் வந்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

டிரோன் ஏறியது. கிருபாகரன் முள்ளுக்குள் ஓடினார். காட்சி அற்புதமாக வந்தது, ஆனால் பாதியில் அவர் முள்ளில் மாட்டிக்கொண்டார். இரண்டாவது தடவை எடுக்கலாம் என்றான் விஜயராஜ். பத்து நிமிடம் இருபத்தைந்து ஆனது.

டிரோன் மேலே இருந்தபோதே மூட்டம் வெடித்தது. டயர் வெடிப்பதுபோல ஒரு சத்தம். பக்கவாட்டில் மண் பிளந்து, காற்று உள்ளே போக, ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது.

குடங்களைப் போட்டுவிட்டு அவள் ஓடிவந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கூடையில் மண்ணை அள்ளிக்கொண்டு மூட்டத்தின்மேல் ஏறினாள். "ஏறாதே" என்று கத்தினேன். மேலே பூசிய மண் உள்வாங்கியது. அவளது வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது.

வெளியே இழுத்தவர் கிருபாகரன். வெள்ளித்தாள் உருகிக் கையில் ஒட்டியதைக்கூடக் கவனிக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். அரசு ஆஸ்பத்திரியில், விண்வெளி உடையில் ஒருவர் ஒரு பெண்ணைச் சுமந்துகொண்டு வருவதைப் பார்த்து வரிசையே ஒதுங்கி நின்றது.

(இந்த இடத்தில் வாசகர் சிரிக்கலாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை.)

5

கால் பிழைத்தது. ஆடுசதையில் தோல் போய்விட்டது. கட்டுப் போட்ட பிறகு அவளிடம் சொன்னேன்: "மூடினது நான்தான்."

"தெரியும். வெரல்ல பூரா மண்ணு" என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எதையாவது ஈடுகட்ட வேண்டும் என்ற பதற்றத்தில் நான் பேசிக்கொண்டே போனேன். மூட்டத்துக்கான நட்டத்தை விஜயராஜ் கொடுத்துவிடுவான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கதையை மாற்றிவிடுகிறேன், அடவியில் ஒரு பெண் இருக்கிறாள், அவள்தான் அந்தக் காட்டை அறிந்தவள், உன்னைப் போலவே ஒருத்தி என்றேன்.

அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்படி ஒண்ணும் எழுதிராதிய யக்கா. அது எங்க எடமில்ல, பொறம்போக்கு. அங்கன குடும்பம் இருக்குன்னு படத்துல தெரிஞ்சா மறுநாளே எழுப்பி விட்டுருவாவ. ஆளில்லன்னே இருக்கட்டும்."

என் குழப்பம் இங்கேதான் தொடங்கியது. என் பொய் அவளுக்குத் தேவைப்பட்டது.

6

முடிவுகள்.

அ. டிரோன் இரண்டாவது தடவை எடுத்த காட்சியில், கீழ் ஓரத்தில், மூன்று விநாடி அவள் தெரிகிறாள். தலையில் கூடையோடு ஓடுகிறாள். முகம் தெரியாது, ஆள் என்று தெரியும். கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்கிறான் விஜயராஜ். "அந்தக்காவே வேண்டாம்னுதானே சொல்லுது, நமக்கென்ன?" என்கிறான். அவன் சொல்வது சரி. அவள் கேட்டதும் எங்களுக்கு வசதியானதும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

ஆ. காட்சியையே தூக்கிவிடலாம். அப்படியானால் அவள் கால் எதற்காக...

இ. அவளைக் கேட்காமல் வைத்துவிடலாம். இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் இந்தக் கதையில் நான் செய்துகொண்டிருப்பது என்ன? பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரையும் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். அது போதுமா என்று தெரியவில்லை.

7

நேற்று மறுபடி போனேன். தனியாக, பஸ்ஸில். காலில் கட்டோடு அவள் ஒரு சாக்கில் உட்கார்ந்து சருகைக் குவித்துக்கொண்டிருந்தாள். போனில் அந்த மூன்று விநாடியைக் காட்டினேன்.

"திரும்பப் போடுங்க" என்றாள். போட்டேன். இன்னொரு தடவை. ஐந்தாவது தடவை போனைத் தானே வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மேக்க ஓடுதேன் பாருங்க. வெடிச்சது கெழக்க. அங்கன மண்ணு போட்டிருந்தா பாதி மூட்டத்தக் காப்பாத்திருக்கலாம். புத்தி கெட்டுப்போயி ஓடிட்டேன்."

அவள் தன்னைப் பார்க்கவில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத அழிச்சிரவா, வச்சிரவா? நீ சொல்றதுதான்" என்றேன்.

போனை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். "எங்க வீட்டுக்காரரு போனுக்கு அனுப்புங்க" என்று நம்பரைச் சொன்னாள். "வேற யாருக்கும் வேண்டாம்." பிறகு திரையை இன்னொரு முறை பார்த்தாள். "வேற யாருக்கும்னா..."

முள்ளுக்குள்ளிருந்து அவள் கணவன் கூப்பிட்டான். போனை என் மடியில் வைத்துவிட்டு, கையை ஊன்றி எழுந்து, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனாள். திரும்பி வந்தபோது கட்டைகளைப் பற்றித்தான் பேசினாள். நானும் கேட்கவில்லை.

விஜயராஜுக்கு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அலுவலக ஆவணமானாலும் தொடரின் கதையானாலும், வாக்கியங்களை முடித்துக்கொடுப்பது என் வேலை. இந்த ஒன்றை மட்டும் என்னால் முடிக்க முடியவில்லை. முடித்தால் மறுபடியும் அவள் இல்லாத நேரத்தில் என் கையால் மூடியதாகிவிடும். அதனால் அவள் நிறுத்திய இடத்திலேயே உங்களிடம் கொடுக்கிறேன். நீங்கள் முடிப்பதானால், அவளைக் கேட்டுவிட்டு முடியுங்கள்.

"வேற யாருக்கும்னா